டிஆர்-808-இல் காணாமல் போன இரைச்சல்

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எழுபது வயதைக் கடந்த ஒரு கீபோர்டு கலைஞர் தம் பேரனுடன் என் வீட்டு மாடி அறைக்கு வந்தார். பேரன் தூக்கி வந்த பெட்டி பழைய எட்டு முழ வேட்டியில் சுற்றப்பட்டிருந்தது. மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்ததும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று நான்கு நான்காக நிறம் பிரித்த பதினாறு பொத்தான்கள் தெரிந்தன. ரோலண்ட் டிஆர்-808. 1983-இல் சிங்கப்பூரிலிருந்து அவருடைய மைத்துனர் வாங்கி வந்து கொடுத்தது; பன்னிரண்டு ஆண்டுகள் மெல்லிசை மேடைகளில் வாசித்துவிட்டுப் பரணுக்குப் போனது. "எல்லாம் ஏதோ பேசுது தம்பி, ஸ்னேர் மட்டும் செத்துப்போச்சு. அந்தச் சலசலப்பு இல்லை. அதை மட்டும் கொண்டுவந்து கொடுத்தால் போதும்" என்றார். ஸ்னேர் என்பது அடித்தோலில் கம்பிகள் சலசலக்கும் டிரம்; பெட்டியில் அதன் ஒலியைத்தான் சொன்னார்.

ரிதம் பாக்ஸ் என்று நம் மேடைக் கலைஞர்கள் சொல்லும் இந்தத் தாளப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு அல்ல. பகலில் வேறு வேலை பார்க்கிறேன். திண்டுக்கல்லில் சித்தப்பா நடத்திய ரேடியோ கடையில் பள்ளி விடுமுறைகளில் ஈயம் வைக்கப் பழகிய கை, நாற்பது வயதுக்குமேல் மறுபடியும் சால்டரிங் அயர்னைத் தேடிப் பிடித்தது. அதற்குப் பிறகு மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் பல பெட்டிகளைத் திறந்து மூடியிருக்கிறேன். ஒரு பாகம் ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பது பழகப் பழக எளிதாகிவிடுகிறது. கண்முன் தெரியும் ஒரு குறை, சரிசெய்ய வேண்டிய பழுதா அல்லது அந்தக் கருவிக்கே உரிய குரலா என்று முடிவு செய்வது மட்டும் இன்றுவரை எனக்கு எளிதாகவில்லை. அதை இந்த 808 எனக்குக் காட்டியதுபோல வேறு எந்தப் பெட்டியும் காட்டியதில்லை.

டிஆர்-808-இல் பதிவு செய்யப்பட்ட ஒலி ஒன்றுகூட இல்லை. 1980-இல் ரோஜர் லின் உருவாக்கிய எல்எம்-1, உண்மையான டிரம்ஸ் ஒலிகளைப் பதிவு செய்து நினைவகச் சில்லுகளில் வைத்திருந்தது. அதன் விலை ஏறத்தாழ 5,000 டாலர். அதே ஆண்டில் வந்த 808-இன் விலை 1,195 டாலர். அந்த விலைக்கு நினைவகத்தில் ஒலிகளை வைக்க வழியில்லாததால், ரோலண்ட் பொறியாளர்கள் ஒவ்வொரு தாளக் கருவியின் ஒலியையும் மின்சுற்றாலேயே உண்டாக்கினார்கள். பாஸ் டிரம் என்பது ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லு ஒன்று, சில ரெசிஸ்டர்கள், மின்னூட்டத்தைத் தேக்கும் இரண்டு கெப்பாசிட்டர்கள் சேர்ந்த ஒத்ததிர்வுச் சுற்று. கோயில் மணியை ஒருமுறை தட்டிவிட்டு விலகி நின்றால் அது தானே அதிர்ந்து அடங்குவதுபோல, ஒரு சிறு மின்துடிப்பு வந்து அந்தச் சுற்றைத் தட்டும். அது ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில் அதிர்ந்து தேய்ந்து மறையும். அழுத்தமான அடி வேண்டுமென்றால் துடிப்பின் வோல்ட் கூடும், அவ்வளவுதான். ஆகவே இதில் ஒரு கெப்பாசிட்டரின் மதிப்பு சற்று மாறினால் ஒலியின் சுருதியே மாறிவிடும். இரண்டு 808-கள் அடுத்தடுத்து இருந்தால் இரண்டும் துல்லியமாக ஒரே ஒலியைத் தராததற்குக் காரணம் இதுதான்.

இதைச் செய்த நிறுவனத்தைத் தொடங்கிய இகுடாரோ காகெஹாஷி இளம் வயதில் கியூஷு தீவில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். பிறகு ரேடியோக்களைப் பழுதுபார்த்தவர். காசநோயால் சில ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்தவர். 1960-இல் ஏஸ் எலக்ட்ரானிக் நிறுவனத்தைத் தொடங்கி, 1964-இல் ரிதம் ஏஸ் ஆர்-1 என்ற தாளப் பெட்டியை உருவாக்கிக் காட்டினார். ரோலண்ட் 1972-இல் பிறந்தது. பழுதுபார்ப்பவர் ஒருவர் கட்டிய கருவி என்பது 808-ஐத் திறந்து பார்க்கும்போது எனக்குப் புலப்படுகிறது. போர்டுகளில் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் அச்சிடப்பட்டிருக்கும். பாகங்கள் கை நுழையும் இடைவெளியில் இருக்கும். எந்த இடத்தில் எந்த வடிவ அலை தெரிய வேண்டும் என்று பழுதுபார்ப்பவர்களுக்கான சர்வீஸ் நோட்ஸ் கையேட்டில் படமே வரைந்திருப்பார்கள். இன்று வரும் கருவிகளில் இந்த மரியாதை குறைந்துவிட்டது.

பேரன் முந்தின நாளே வீட்டுப் பிளக்கில் செருகிப் பார்த்திருக்கிறான் என்று கேட்டபோது எனக்குப் பதறியது. கால் நூற்றாண்டுக்குமேல் மின்சாரம் காணாத பெட்டியை நேராக 230 வோல்ட்டில் செருகுவது, நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குக் கல்யாண விருந்து போடுவதைப் போன்றது. மின்வழங்கல் பகுதியில் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களில், மெக்கானிக்குகள் கண்டென்சர் என்றே சொல்லும் அந்தப் பாகங்களில், அலுமினியத் தகட்டின்மேல் படிந்திருக்கும் மிக மெல்லிய ஆக்சைடு ஏடுதான் மின்காப்பாக வேலை செய்கிறது. நெடுங்காலம் மின்னழுத்தம் இல்லாமல் கிடந்தால் அந்த ஏடு நலிந்துவிடும். சித்தப்பா கடையில் எந்த ரேடியோவும் முதலில் சீரிஸ் லேம்ப் வழியாகத்தான் உயிர் பெறும். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துவிட்டால், உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மின்னோட்டத்தைத் தான் வாங்கிக்கொள்ளும், பெட்டி தப்பிக்கும். அதே ஏற்பாட்டை இன்றும் என் மேசையில் வைத்திருக்கிறேன். 808-ஐ அதில் இணைத்தபோது பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து, மங்கி, இழை மட்டும் லேசாகச் சிவந்து நின்றது. அது நல்ல அறிகுறி.

அதற்கு முன்பே பேட்டரி அறையைத் திறந்திருந்தேன். 808 தன் தாள அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ள மூன்று பென்சில் செல்களை நம்பியிருக்கிறது. பெட்டியை அணைத்த பிறகும் அந்த செல்கள்தான் நினைவகச் சில்லுகளுக்கு உயிர் கொடுக்கின்றன. பரணுக்குப் போகும்போது யாரும் அவற்றை எடுக்கவில்லை. மூன்றும் வெடித்து, தகரம் துருப்பிடித்து, ஸ்பிரிங்குகளின்மேல் வெண்மையும் பழுப்பும் கலந்த களிம்பாகக் கசிந்திருந்தன. பேட்டரிக் கசிவு என்றாலே வினிகர் ஊற்ற வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அல்கலைன் செல்லில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ பொருத்தம். ஆனால் இந்த செல்கள் அந்தக் காலத்தில் நம் ஊர்க் கடைகளில் கிடைத்த துத்தநாக-கார்பன் வகை. அவற்றின் கசிவு அமிலத் தன்மை கொண்டது. அதன்மேல் மேலும் அமிலத்தை ஊற்றினால் அரிப்பு கூடுமே தவிரக் குறையாது. ஆகவே சமையல் சோடாவை நீரில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தொட்டுத் தொட்டுத் துடைத்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தை விரட்டினேன்.

கண்ணுக்குத் தெரியும் களிம்பைவிடத் தெரியாத அரிப்புதான் ஆபத்தானது. கசிந்த திரவம் கம்பியின் பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மெல்ல மெல்ல ஏறும். வெளியே சிவப்புக் கம்பி புதிதுபோல இருந்தது. நுனியை வெட்டி உறையை உரித்தபோது செம்பு இழைகள் கரிபோலக் கறுத்திருந்தன. இன்னும் ஒரு அங்குலம் வெட்டினேன், அங்கும் கறுப்பு. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. ஒட்டினாலும் சில மாதங்களில் கைவிட்டுவிடும். முழுக் கம்பியையும் போர்டுவரை மாற்றினேன். போர்டில் அது சேரும் இடத்தில் பச்சை மேல்பூச்சுக்கு அடியில் டிராக் என்னும் செம்புத் தடம் ஒன்று இருண்டிருந்ததால், அதைக் கத்தி முனையால் சுரண்டிப் பளபளக்கும் செம்பு தெரிந்த பிறகு ஈயம் பூசினேன். அந்த ஒரு மூலைக்கு மட்டும் இரண்டு மாலைகள் ஆயின.

மின்வழங்கலை அளந்தபோது வோல்ட்கள் ஏறத்தாழ சரியாகவே இருந்தன. ஆனால் மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் 100 ஹெர்ட்ஸ் அலை ஒன்று மெல்லிய முகடுகளாகத் தெரிந்தது. காதில் வைத்தால் பாஸ் டிரம்மின் வால் அடங்கிய பிறகும் அடியில் ஒரு ரீங்காரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முழு அலைத் திருத்தியைக் கடந்ததும் அது இரட்டித்து 100 ஆகும். அதைச் சமன்படுத்த வேண்டிய பெரிய கெப்பாசிட்டர்கள் வறண்டுபோனால் இந்த ரீங்காரம் வெளியே வரும். வெப்பம் 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. ஓடு வேய்ந்த வீட்டின் பரணில் சித்திரை வெயில் எத்தனை முறை அதைச் சுட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

அந்த மின்வழங்கல் கெப்பாசிட்டர்களை மாற்றினேன், அத்தோடு நிறுத்தினேன். பழைய கருவி என்றால் உள்ளே இருக்கும் எல்லாக் கெப்பாசிட்டர்களையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டும் என்ற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. எனக்கு அதில் கடுமையான மறுப்பு உண்டு. ஒலிச் சுற்றுகளில் இருக்கும் பாலியஸ்டர் ஃபிலிம் கெப்பாசிட்டர்கள் வறண்டு போவதில்லை, நாற்பது ஆண்டுகளிலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவற்றின் மதிப்பில் தொழிற்சாலையிலிருந்தே இருந்த சிறு விலகல்கள்தான் அந்தக் குறிப்பிட்ட பெட்டியின் சுருதி. அவற்றைப் பிடுங்கிப் புதியவற்றை வைத்தால் பெட்டி நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அது வேறு பெட்டி. அதோடு ஒவ்வொரு முறை சூடுபடுத்தும்போதும் அந்தக் காலத்துப் போர்டின் செம்பு வட்டங்கள் பெயர்ந்து வரும் அபாயம் வேறு. கெட்டதை அளந்து மாற்று, கெடாததைத் தொடாதே என்றுதான் சித்தப்பா சொல்வார்.

மின்வழங்கல் பற்றிப் பேசும்போது இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிலிருந்து நேரடியாக வாங்கும் பெட்டிகள் 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. ஓர் இளைஞர் இணைய ஏலத்தில் வாங்கிய டிஆர்-909 தாளப் பெட்டியை அப்படியே நம் பிளக்கில் செருகிவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு 230 வோல்ட் கொடுத்தால் அதன் இரும்பு உள்ளகம் காந்தத்தால் நிரம்பிவிடும். அதற்குமேல் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இருக்காது. நல்ல வேளையாக ஃபியூஸ் உடனே போய்ப் பெட்டியைக் காப்பாற்றியது. ஃபியூஸ் இருந்த இடத்தில் யாராவது கம்பி சுற்றி வைத்திருந்தால் நான் அவருக்கு ஆறுதல் மட்டுமே சொல்லியிருக்க முடியும். சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும் 110 வோல்ட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அமெரிக்கப் பொருள்களுக்கானது. அதில் போட்டாலும் ஓடும், ஆனால் வோல்ட்டை நிலைப்படுத்தும் ரெகுலேட்டர் தேவையில்லாமல் சூடாகும். 100 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள், அல்லது சுற்றித் தரச் சொல்லுங்கள்.

இனி அந்த ஸ்னேருக்கு வருகிறேன்.

808-இல் பழுதைத் தேட ஆசிலோஸ்கோப்புக்கு முன்னால் காதைப் பயன்படுத்தலாம். காரணம், அதன் ஒலிகள் உறவுமுறை கொண்டவை. சிம்பல், திறந்த ஹை-ஹாட், மூடிய ஹை-ஹாட், மணிச் சத்தம் தரும் கௌபெல் ஆகியவை ஒரு குடும்பம்: ஆசிலேட்டர் என்னும், சதுர அலை எழுப்பும் ஆறு சுற்றுகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும், அவற்றின் கலவையை வடிகட்டி வெட்டித்தான் உலோக ஒலிகள் பிறக்கின்றன. அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வது கௌபெல். ஸ்னேரின் சலசலப்பு, கைத்தட்டல், மராக்காஸ் என்ற கிலுகிலுப்பை ஆகியவை இன்னொரு குடும்பம். இவை மூன்றுக்கும் ஒரே இரைச்சல் ஊற்றுதான். டாம்-டாம்களின் வாலில் கேட்கும் மெல்லிய மூச்சும் அங்கிருந்து வருவதே. ஆகவே ஐயா ஸ்னேர் செத்துவிட்டது என்று சொன்னபோது நான் முதலில் அழுத்திக் கேட்டது கைத்தட்டலை. ஒலியே இல்லை. மராக்காஸ், அதுவும் இல்லை. டாம் அடித்தது, ஆனால் வறண்ட கட்டைபோல. ஸ்னேரின் தோல் ஒலியைத் தரும் இரண்டு ஒத்ததிர்வுச் சுற்றுகள் மட்டும் "டொக் டொக்" என்று தனியாகப் பேசிக்கொண்டிருந்தன. சிம்பல் குடும்பம் நலமாக இருந்தது. அப்படியென்றால் நான்கு இடங்களில் பழுது இல்லை, ஒரே இடத்தில்தான். ஊற்றே வறண்டிருக்கிறது.

அந்த ஊற்று ஒரே ஒரு டிரான்சிஸ்டர், 2எஸ்சி828. டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் சந்தியில் வழக்கத்துக்கு மாறாக எதிர்த்திசையில் மின்னழுத்தம் கொடுத்து, அது சில வோல்ட்களைத் தாண்டினால், சந்தி தாக்குப்பிடிக்க முடியாமல் உடையும். மின்னோட்டம் மடை உடைத்த வெள்ளம்போல ஒழுங்கின்றிக் கொட்டும். அந்த ஒழுங்கின்மைதான் இரைச்சல். வேறு எந்தக் கருவியிலும் இரைச்சல் குறைந்த டிரான்சிஸ்டரே நல்லது. ரோலண்டுக்கு வேண்டியது இரைச்சல் மிகுந்தது. தரச் சோதனையில் தேறாமல் ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களை வாங்கி, அவற்றில் இரைச்சல் நன்றாக வருபவற்றைப் பொறுக்கி எடுத்துப் போட்டார்கள். பின்னாளில் குறைக்கடத்தித் தயாரிப்பு முறைகள் மேம்பட்டு, அத்தகைய குறைபட்ட டிரான்சிஸ்டர்கள் கிடைக்காமல் போனதுதான் 1983-இல் 808-இன் உற்பத்தியை நிறுத்தக் காரணம் என்று காகெஹாஷியே சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ 12,000 பெட்டிகளோடு அது முடிந்தது. பிறர் குறையென்று தள்ளியதைக் குரலாக எடுத்துக்கொண்ட கருவி இது என்பதை ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

ஐயாவின் பெட்டியில் இருந்த டிரான்சிஸ்டர் கால் நூற்றாண்டு ஈரத்திலும் வெப்பத்திலும் இருந்து முற்றிலும் அடங்கிவிட்டிருந்தது, ஸ்கோப்பில் நேர்க்கோடு. இதற்கு என்ன மாற்று? கடையில் கிடைக்கும் பிசி547 வேலை செய்யும், ஆனால் அதன் கால்களின் வரிசை வேறு: 2எஸ்சி828-இல் எமிட்டர், கலெக்டர், பேஸ், பிசி547-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். கவனிக்காமல் வைத்தால் மெளனம்தான் மிஞ்சும். நான் சித்தப்பா விட்டுப்போன பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அவர் பழைய ஜப்பானிய டேப்ரிக்கார்டர் போர்டுகளிலிருந்து கழற்றிய சி828-கள் ஒரு காகிதப் பொட்டலத்தில் இருந்தன. பொட்டலத்தின்மேல் அவர் கையெழுத்தில் எண். பதினோரு டிரான்சிஸ்டர்கள்.

போர்டில் நேராக ஈயம் வைக்காமல், மூன்று கால் சாக்கெட் ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தி, ஒவ்வொன்றாகச் செருகிக் கேட்டேன். ஒரே எண், ஒரே நிறுவனம். ஆனால் ஒவ்வொன்றின் இரைச்சலும் வேறாக இருந்தது. முதலாவது, அடுப்பில் எண்ணெய் காய்வதுபோல மிக மெலிதாக இருந்தது. நான்காவதில் அளவு போதுமான அளவுக்கு இருந்தது, ஆனால் நடுநடுவே "படக், படக்" என்று வெடித்தது. ஆறாவது ஒரே சீரான மழை. எட்டாவதும் மழைதான், ஆனால் ஓலைக் கூரைமேல் விழும் மழை. சற்றுச் சொரசொரப்பு, அடியில் கொஞ்சம் கனம். மூன்று டிரான்சிஸ்டர்கள் ஒன்றுமே சொல்லவில்லை. ஸ்கோப்பில் அளந்து பார்த்தால் ஆறாவதும் எட்டாவதும் ஏறக்குறைய சமம். அளவை வைத்து முடிவு செய்வதென்றால் சீராக இருந்த ஆறாவதைத்தான் நான் வைத்திருக்க வேண்டும்.

முடிவை என் கையில் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஐயாவை வரச் சொன்னேன். மெதுவான ஒரு தாளத்தைப் போட்டு, ஸ்னேரின் சலசலப்பைக் கூட்டிக் குறைக்கும் ஸ்னாப்பி குமிழைப் பாதியில் வைத்து, எது எந்த டிரான்சிஸ்டர் என்று சொல்லாமல் மாற்றி மாற்றிச் செருகினேன். அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். ஆறாவதுக்கு "சுத்தமா இருக்கு" என்றார், குரலில் மகிழ்ச்சி இல்லை. எட்டாவது ஒலித்து இரண்டு சுற்றுகள் முடிவதற்குள் கையை உயர்த்தினார். "இதுதான். மதுரையில் பொருட்காட்சி மேடையில் இப்படித்தான் இருந்தது. கைத்தட்டல் போடு" என்றார். போட்டேன். மேலும் ஒன்றும் கேட்கவில்லை. எட்டாவதையே நிலையாக ஈயம் வைத்துப் பொருத்தினேன். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒலியை அவர் காது துல்லியமாக நினைவு வைத்திருந்தது என்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கருவியோடு வாழ்ந்தவரின் காதைவிட நல்ல அளவுகோல் என்னிடம் வேறு இல்லை.

கௌபெல் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான தயக்கம் வந்தது. சர்வீஸ் நோட்ஸின்படி அதன் இரண்டு ஆசிலேட்டர்களும் 540 ஹெர்ட்ஸ், 800 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். அதற்கென்றே போர்டில் டிரிம்மர் என்னும் சிறு திருகுகள் இரண்டு வைத்திருக்கிறார்கள். இந்தப் பெட்டியில் நான் அளந்தவை 522, 811. இடைவெளி அகன்றிருந்தது; மணியின் ஒலி சற்றுக் கோணலாக, கொஞ்சம் அழுகையோடு கேட்டது. ஸ்க்ரூடிரைவரால் கால் திருப்பு திருப்பினால் முடிந்துவிடும் வேலை. திருப்பக் கையும் வைத்தேன். டிரிம்மரின் தலையில் சிறு துளி சிவப்புச் சாயம் இருந்தது, யாரோ ஒருமுறை அமைத்துவிட்டு, அசையாமலிருக்க இட்ட முத்திரை. அது உடையவில்லை. அப்படியானால் அமைப்பு மாறவில்லை; சுற்றியிருக்கும் பாகங்கள் காலப்போக்கில் நகர்ந்திருக்கலாம், அல்லது தொடக்கத்திலேயே அவசரத்தில் அப்படி அமைத்து அனுப்பியிருக்கலாம்.

ஐயாவிடம் கேட்டேன். அவர் சிறிது நேரம் கௌபெல்லைத் தனியாகத் தட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க குழுவில் பாடகர் ஒருத்தர் இருந்தார். இந்த மணிச் சத்தம் கேட்டால் சுருதி விலகுதுன்னு சண்டை போடுவார். அதனால் மெலடியில் இதைப் போட மாட்டேன், டிஸ்கோ பாட்டுக்கு மட்டும்தான். அப்போதும் இப்படித்தான் இருந்தது தம்பி." நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். புத்தகத்தின்படி அது பழுது. ஆனால் ஒரு மனிதர் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தக் கோணலைக் கணக்கில் வைத்துப் பாட்டுக்குப் பாட்டுத் தாளம் அமைத்திருக்கிறார். அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டினேன், நாளைக்கு வேறு யாராவது திறந்தால் இது தெரிந்தே விடப்பட்டது என்று அறிந்துகொள்ளட்டும். சிவப்புச் சாயம் இன்னும் அப்படியே இருக்கிறது.

மிருதங்கத்துக்குத் தோல் மாற்றி வார் பிடிப்பவர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். வலந்தலையின் கருப்பு வட்டத்தை எவ்வளவு கனமாகப் பூசுவது என்று அவர்கள் பொதுவான ஓர் அளவைக் கொண்டு முடிவு செய்வதில்லை. அந்தக் கருவியை வாசிக்கும் வித்துவானின் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டுதான் செய்கிறார்கள். மின்சாரத்தில் இயங்குவதால் 808 தோல் கருவி அல்லாமல் போய்விடுவதில்லை. தோலின் இடத்தில் கெப்பாசிட்டர் இருக்கிறது, அதுவும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசையும்.

எல்லாப் பெட்டிகளுக்கும் இந்தத் தயக்கம் தேவை என்று நான் சொல்லவில்லை. என்னிடம் சொந்தமாக ஒரு டிஆர்-606 இருக்கிறது. அதன் பொத்தான்களுக்கு அடியில் உள்ள சிறு டாக்ட் சுவிட்சுகள் தேய்ந்து, ஒரு அழுத்தலுக்கு இரண்டு அடி விழும். அல்லது விழவே விழாது. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அதே உயரமுள்ள புதிய சுவிட்சுகளை வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். உயரம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் பொத்தான் மேல்தகட்டில் உரசிச் சிக்கிக்கொள்ளும் என்பதை மட்டும் கவனித்தால் போதும். குமிழ்களின் கரகரப்புக்கு முறையான காண்டாக்ட் கிளீனர். பூட்டுக்கும் சைக்கிள் செயினுக்கும் அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடித்தால் இரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டு அதன் பிறகு தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். லின்டிரம், ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் போன்று ஒலிகளை ஈப்ராம் என்ற நினைவகச் சில்லுகளில் வைத்திருக்கும் பெட்டி யாரிடமாவது இருந்தால், வேறு எதைச் செய்வதற்கும் முன்னால் அந்தச் சில்லுகளைப் படித்துக் கணினியில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அவற்றில் தகவல் என்பது சிறைப்பட்ட மின்னூட்டம். ஆண்டுகள் போகப்போக அது கசியும். கண்ணாடிச் சாளரத்தின்மேல் ஒட்டிய தாள் உதிர்ந்து வெயில் பட்டால் இன்னும் விரைவாகப் போகும். அங்கே ஒரு பிட் மாறுவது குரல் அல்ல, அழிவு.

1982-இல் மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் ஒரு 808-ஐயும் டிபி-303, ஜூபிட்டர்-8 என்ற சிந்தசைசர்களையும் வைத்துக்கொண்டு ராகங்களை வாசித்துப் பதிவு செய்தார் என்பது இப்போது உலகமே பேசும் செய்தி. ஐயாவுக்கு அது தெரியாது. தெரிந்தவர்களாகவும் தெரியாதவர்களாகவும் நம் நாட்டில் இன்னும் எத்தனை பேர் இந்தப் பெட்டிகளைப் பரணில் வைத்திருக்கிறார்களோ! வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பிளக்கில் செருகாதீர்கள். முதலில் பேட்டரி அறையைத் திறந்து செல்களை வெளியே எடுங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கும், கசிவு காத்திருக்காது.

வேலை முடிந்த நாளில் ஐயா தனியாகத்தான் வந்திருந்தார். அவர் அமைத்து வைத்திருந்த தாளங்கள் எல்லாம் செல்கள் செத்த அன்றே நினைவகத்திலிருந்து போய்விட்டன. அதைப் பற்றி வருத்தம் தெரிவிக்க நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டியின் முன் உட்கார்ந்துவிட்டார். பதினாறு பொத்தான்களில் பன்னிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, திஸ்ரத்தில், முதலில் பாஸ் டிரம், அதன்மேல் காங்கா, அதன்மேல் கைத்தட்டல் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். விரல்கள் ஓர் இடத்தில் மட்டும் தடுமாறின. ஏழாவது பொத்தானை அழுத்தி, கேட்டு, எடுத்து, எட்டாவதில் வைத்தார். தெம்மாங்கு நடை வந்துவிட்டது. கடைசியாகக் கௌபெல்லை ஒரே ஓர் இடத்தில் வைத்துக் கேட்டார், பிறகு அதை எடுத்துவிட்டார்.

பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று புதிய செல்களைப் போட்டு, போட்ட தேதியைத் தாளில் எழுதி அறை மூடியின்மேல் ஒட்டினேன். ஒவ்வொரு தை மாதமும் மாற்ற வேண்டும் என்றும், மாற்றும்போது பெட்டியை அணைக்கக் கூடாது, அணைத்தால் தாளங்கள் போய்விடும் என்றும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, வேட்டியை உதறி விரித்தார்.